தூத்துக்குடியில் ஒரு பிரதி

‘பதறாதீங்க. ஒண்ணொண்ணாப் பாப்போம்’ என்றது கம்ப்யூட்டர். வாய் திறந்து சொல்லவில்லைதான், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது, ஆனாலும் மகுடேஸ்வரிக்கு யாரோ பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுச் சொன்ன மாதிரி இருந்தது, இருந்ததுமே சுருக்கென்று கோபமும் வந்தது. யார் பதறுகிறார்கள்? இவளா? ஈரோட்டில் பெருந்துறை ரோட்டு மேலேயே தனியாளாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறவள், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிற ஆறடி ஆம்பிளைகளைத் தாங்கிப் பிடித்துப் பெஞ்சில் படுக்க வைக்கிறவள், இவளைப் பார்த்துப் பதறாதே என்கிறதா இந்த டப்பா? பதறத்தான் செய்தாள், அது வேறு விஷயம். காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்தால், லேப் கம்ப்யூட்டர் கடக் கடக் என்று தொண்டையைச் செருமியது, அப்படியே அணைந்து போனது. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார், பெட்டியைத் திறந்தார், உதட்டைப் பிதுக்கினார். “ஹார்ட் டிஸ்க் காலிங்க மேடம். புதுசு மாட்டித் தர்றனுங்க. உள்ள இருந்ததெல்லாம் போனது போனதுதானுங்க” என்று ஏதோ பல்லுப் பிடுங்கினவர் மாதிரி சொல்லிவிட்டு, புதுசை மாட்டி, கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார். உள்ளே இருந்ததென்றால் என்ன, லேப்பேதான் உள்ளே இருந்தது. யாருக்குச் சர்க்கரை ஏறியது, யாருக்கு இறங்கியது, எந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் ரத்தம் குறைந்தது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே அந்தக் கிட்னிக்காரர், அவருக்குப் போன தடவை உப்பு எவ்வளவு இருந்தது, டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் இவள் வெறுமனே ஊசி குத்துகிறவள். வருஷக்கணக்காக நம்பி வந்த சனம் நாளைக்கே எதிர்ச்சாரியில் புதுசாகத் திறந்திருக்கிற ஏசி போட்ட லேப்புக்குப் போய்விடும், போகாமல் என்ன செய்யும்.

“அக்கா, அந்த வரி வந்துட்டா? பதறாதீங்கன்னு?” என்றது மேஜை மேல் ஸ்பீக்கரில் கிடந்த போன். தெற்கத்திக் குரல். தூத்துக்குடி. எஸ்தர் ஜெபக்கனி. இந்தப் பெயரை மகுடேஸ்வரி இன்றைக்கு வரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மனசுக்குள் சொன்னதற்கு அளவில்லை. “வந்துருச்சுங்க” என்றாள் விறைப்பாக. “நல்லதுக்கா, ஒரு பட்டன அமுக்குங்க, அடுத்த கேள்வி வரும்.” அக்காவாம். யாருக்கு யார் அக்கா. இவள் புருஷன் சென்னியப்பன் பகலில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். சாயங்காலம் வந்து சாப்பிட்டுக் கை கழுவின பிறகு அவருக்கு வேறொரு உத்தியோகம் ஆரம்பிக்கும், சம்பளமில்லாத உத்தியோகம். ‘மறுபடி’ என்று பேர் வைத்த ஒரு மென்பொருள். செத்துப்போன கம்ப்யூட்டர் கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு புள்ளி மாறாமல், வேறொரு வெறும் மிஷினில் எழுப்பி உட்கார வைக்கும். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் மாற்றியும் எழுதிக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் திறந்து வைத்த வீடு. அப்படித் திறந்து வைத்த வீட்டுக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டவள்தான் இந்த ஜெபா. முதலில் ஏதோ ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினாளாம். அப்புறம் இன்னொன்று. அப்புறம் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டே, “ஜெபா என்னமா எழுதியிருக்கறா தெரியுமா புள்ள” என்று இவர் வாய் நிறையச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வாய்க்குள் இருந்தது இவள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பொறாமைதான், வேறென்ன, சுற்றி வளைத்துச் சொல்வானேன். வயிறு பற்றி எரிந்தது. ஒரு தரம்கூட நேரில் பார்க்காத ரெண்டு பேர், பெரும்பாலும் எழுத்தாலேயே பேசிக்கொள்கிற ரெண்டு பேர், அதில் என்ன இருக்கிறது என்று மகுடேஸ்வரியே மகுடேஸ்வரிக்குச் சொல்லிப் பார்த்தாள். நேரில் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பல்லு எடுப்பு, குரல் கட்டை என்று ஏதாவது ஒரு குறை கிடைத்திருக்கும்.

இன்றைக்குக் காலையில் இந்தப் பெண்ணுக்குப் போன் போட இவள் பட்ட பாடு! சென்னியப்பன் இப்போது ஆகாயத்தில் இருக்கிறார். ஐரோப்பாவில் ஏதோ மாநாடு, மறுபடி பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், போன் அணைந்து கிடக்கிறது. போகும்போது சாமி படத்தின் ஆணியில் ஒரு பென் டிரைவைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, “ஏதாச்சும் ஆச்சுன்னா இதைச் சொருகிப்புட்டு ஜெபாவுக்குப் போன் போடு” என்றார். ஜெபாவுக்கு! அந்த அழைப்பு ஐப்பசியில் வந்தபோதே இவள் பார்த்துவிட்டாள், ரெண்டு பேர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில், சென்னியப்பன், எஸ்தர் ஜெபக்கனி என்று, கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி. யார் யார் போறீங்க என்று இவள் கேட்கவேயில்லை. கேட்டால் இவளுக்கல்லவா அசிங்கம். அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போடும்போது மட்டும் பெட்டியைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள். ஆகவே இன்றைக்கு நம்பரை அழுத்தும்போது அவளும் ஆகாயத்தில்தான் இருப்பாள், அணைந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். மணி அடித்தது! தூத்துக்குடியில் மணி அடித்தது! லேப் போய்விட்டது என்கிற துக்கத்துக்கு நடுவிலும் அந்த மணியோசை காதில் தேனாகப் பாய்ந்தது. எடுத்து “சொல்லுங்கக்கா” என்றதும் தேன் அப்படியே புளித்துப் போனது. எடுத்த எடுப்பில் அக்காவாமே, அப்படியென்றால் என் நம்பரை இவள் முன்னமே வைத்திருக்கிறாளா? சரி, ஏன் போகவில்லை? சண்டையா? யாருக்கும் யாருக்கும் சண்டை? சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கமா?

“எந்த வட்டில் எழுப்பணும்? வட்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை எழுந்து போய்ப் பார்த்து அடிங்க” என்று திரை கேட்டது. இவள் சத்தமாகப் படித்தாள். “ஆமாக்கா, வட்டுன்னா அந்தப் புது ஹார்ட் டிஸ்க்தான், பெட்டிக்குள்ள எட்டிப் பாருங்க. உக்காந்த எடத்துலயே சரின்னு அமுக்கிரக் கூடாதுன்னு அண்ணன் வச்சது. அவசரத்துல நல்ல வட்ட அழிச்சிருவாங்கள்லா, அதான். நான் இது என்னத்துக்குன்னு எவ்வளவோ சண்டை போட்டேன், கேக்கல.” ஓ, சண்டை இதுதானா. மகுடேஸ்வரி டார்ச்சை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்து அடித்தாள். வீட்டில் கரண்டி எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுஷன், கடுகு டப்பாவைக் கேட்டால் சர்க்கரை டப்பாவை எடுத்து நீட்டுகிற மனுஷன், எவனோ எங்கோ அவசரத்தில் தப்பாக அழுத்திவிடப் போகிறானே என்று இத்தனை யோசனை பண்ணியிருக்கிறார். அந்த யோசனையில் கால்வாசி என் பக்கம் திரும்பியிருந்தால், என்று ஆரம்பித்த நினைப்பு அங்கேயே நின்றது, ஏனென்றால் போனுக்குள் ஏதோ சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். இரும்பில் ஏதோ தட்டுகிற சத்தம். “இந்தா வாரேன், ஒரு நிமிசம்” என்று ஜெபா வாயைத் திருப்பிக்கொண்டு யாருக்கோ சொன்னாள். அந்தக் குரல் இவளிடம் பேசின குரல் இல்லை, குழைந்த குரல். யார் அது? கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னாரே. ஆகாதவள் வீட்டில் பட்டப்பகலில் யார் தட்டிக் கூப்பிடுகிறது? அப்படி யாராவது இருந்தால் நல்லதுதானே, இவளுக்கு நிம்மதிதானே, ஆனால் நிம்மதி வருவதற்குப் பதிலாக, பார்த்தாயா, என் புருஷனை அண்ணன் அண்ணன் என்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, என்று வேறொரு கோபம் வந்தது. எப்படித் திருப்பினாலும் குத்தியது, என்ன செய்ய.

“இப்பம் கடவுச்சொல் கேக்கும்க்கா. எங்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே அடிங்க. அது இல்லாம ஒங்க பிரதிய யாராலயும் தெறக்க முடியாது, என்னாலயும் முடியாது, அண்ணனாலயும் முடியாது. மறக்கலைல்லா?” மகுடேஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. மறப்பதாவது! சென்னியப்பன் இந்த மறுபடியை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றின அன்றைக்கு, “உனக்கு ஒருநாளும் மறக்காத வாக்கியம் ஒண்ணு அடி புள்ள. உன்ற லேப், உன்ற பூட்டு. எனக்கே தெரியக் கூடாது” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். திரும்பி நின்ற அந்த முதுகின் பின்பாக்கெட்டில் போன் டிங் டிங் என்று அடித்தது, எடுத்துப் பார்த்துச் சிரித்தார், “ஜெபா” என்றார். மறக்காத வாக்கியம் தானாக வந்து விழுந்தது. ‘ஜெபா ஒரு சனியன்.’ அதைத்தான் அடித்தாள், ஆசை தீர அடித்தாள், உறுதிப்படுத்த மறுபடியும் அடி என்று கேட்டபோது இன்னும் சந்தோஷமாக அடித்தாள். இப்போது அந்தச் சனியனே போனில் மூச்சுவிட்டுக்கொண்டு காத்திருக்க, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்க வேண்டியிருக்கிறது. திரையில் நட்சத்திரம்தான் வருகிறது, அவளுக்குத் தெரிய வழியே இல்லை, இருந்தாலும் ஒருவேளை தெரிந்தால்? இதெல்லாம் எழுதினவளே அவள்தானே, தன் வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஏதாவது ஓட்டை வைத்திருந்தால்? ‘ஒரு’வுக்கு அப்புறம் இடைவெளி விட்டோமா இல்லையா என்று ஒரு குழப்பம் வேறு. முதல் தரம் ‘பொருந்தவில்லை’ என்றது. “பொருந்தலைங்களாமா” என்றாள். “மெதுவாக்கா. மனசுல ஒரு தரம் சொல்லிப் பாத்துட்டு அடிங்க.” மனசில் சொல்லிப் பார்த்தாள். ஜெபா ஒரு சனியன். அடித்தாள். பொருந்தியது. “பாத்தீங்களா! நான் சொன்னேன்லா!” என்று அந்தப் பெண் கைதட்டிச் சந்தோஷப்பட்டாள். மகுடேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரையின் குறுக்கே ஒரு பட்டை வந்து, இடது ஓரத்தில் கொஞ்சூண்டு வெள்ளை தெரிந்தது. ‘பிரதி வந்துகொண்டிருக்கிறது’ என்றது. “இனி நேரம் எடுக்கும்க்கா. எங்க லைன் கொஞ்சம் மெதுவு.” உங்க லைனுங்களா, என்றாள் இவள் புரியாமல். “ஆமா, ஒங்க லேப் காப்பி எங்க வீட்லதான இருக்கு. அண்ணன் சொல்லலையா? அதுக்குப் பேரே கைமாத்துதான். மறுபடில வேலை பாக்குற நாங்கள்லாம் ஆளுக்கு ஒருத்தர ஜோடி போட்டுக்கிடுவோம். ஒங்க வீட்டுது எங்க வீட்ல, எங்க வீட்டுது ஒங்க வீட்ல. ஒரு ஊர்ல தீப்பிடிச்சாலும் வெள்ளம் வந்தாலும் இன்னொரு ஊர்ல இருக்கும்லா. ஒங்களுது இந்தா, கட்டிலுக்கு அடியில ஒரு சின்னப் பெட்டியில இருக்கு.” ஜோடி போட்டுக்கொள்வார்களாம்! இத்தனை நாள் தன் லேப்பே ராத்திரியானால் கிளம்பி அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. புருஷனைச் சந்தேகப்பட்டு லேப்பை விட்டுவிட்டோமே என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது, சிரிப்பும் வந்தது, சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் ‘எங்க வீட்டுது ஒங்க வீட்ல’ என்ற இடத்தில் மனசு தடுக்கி நின்றுவிட்டது. அது எங்கே இருக்கிறதென்று இந்த உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். லேப்புக்கு மேலே மாடி வீட்டில், இவள் பீரோவில், கூறைப் பட்டுக்கு அடியில் இருக்கிறது.

கறுப்பாக, ஒரு டிபன் பாக்ஸ் அகலத்துக்கு இருக்கும். மாடி வீட்டு ஹாலில் இன்டர்நெட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதில் ஒரு குட்டி விளக்கு ராத்திரியெல்லாம் மினுக் மினுக் என்று சிமிட்டும். “ஜெபாவோட பிரதி வந்துட்டிருக்குது” என்பார், மழை வருகிறது என்கிற மாதிரி சாதாரணமாக. படுக்கையிலிருந்து பார்த்தால் கதவிடுக்கில் அந்தச் சிமிட்டல் தெரியும், தன் வீட்டுக்குள் ராத்திரியில் யாரோ ஒருத்தி கண் சிமிட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும், இவளுக்குத் தூக்கம் போய்விடும். அழைப்பில் ரெண்டு பெயரையும் சேர்த்துப் பார்த்த மறுநாள் பெரிய மழை, இடி இறங்கி அக்கம்பக்கத்தில் நாலு டிவி எரிந்துபோனது. அவர் மில்லுக்குப் போயிருந்தார். மகுடேஸ்வரி ஒயரைப் பிடுங்கினாள். ஏன் பிடுங்கினாள், எப்போது தீர்மானித்தாள் என்று இப்போது கேட்டால் அவளுக்கே தெரியாது, கை போனது, பிடுங்கியது. “இடியில எரிஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க. ஒரே தீஞ்ச வாசம். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன்” என்றாள் சாயங்காலம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. “எரிஞ்சாலும் உள்ள வட்டு நல்லாருக்கும் புள்ள. எந்தக் கடைக்காரன்? எந்தப் பக்கம் போனான்?” என்று சட்டையைக்கூட மாட்டாமல் பனியனோடு வண்டியை எடுத்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். ஈரோட்டில் இருக்கிற பழைய இரும்புக் கடை அத்தனையிலும் ஏறி இறங்கி, துருவும் கிரீஸுமாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவார். இவள் ஜுரமாகக் கிடந்தபோது மாத்திரை வாங்க மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது, இதற்கு மூன்று நாள் அலைச்சல்! “அதுல ஜெபாவோடது இருக்குது புள்ள. பாவம், அவங்கம்மா...” என்று அவர் ஆரம்பித்தபோது, “அவ அம்மா கதை, ஆட்டுக்குட்டி கதையெல்லாம் எனக்கெதுக்குங்” என்று எழுந்து போய்விட்டாள். அதுல ஜெபாவோடது இருக்குது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெட்டி, சாதாப் புடவைக்கு அடியில் இருந்தது, கூறைப் பட்டுக்கு அடியில் போனது. ஒருநாள் அவர் இல்லாதபோது எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகியும் பார்த்தாள். என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேவலை. கடிதமா, போட்டோவா, ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவதா. ஒன்றும் தெரியவில்லை. அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாகப் பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்ததும் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. மனுஷன் அப்புறம் வெள்ளை நிறத்தில் புதுப்பெட்டி ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்தார், அதுவும் சிமிட்டியது. அதை இவள் தொடவில்லை. கிரீஸ் கையோடு அவர் வாசலில் நின்ற நிலை கண்ணைவிட்டுப் போகவில்லை.

லேப்பில் வரவேற்பு பார்க்கிற தேவிகா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். “மேடம், கிட்னிக்காரர் கேக்கறாருங்க. ஆகுமா ஆகாதான்னு.” “ஆகும்னு சொல்லு. டீ வாங்கிக் குடு.” பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. போனில் மறுபடியும் டொக் டொக் டொக். இந்தத் தரம் நிற்காமல் அடித்தது, கோபமாக அடித்தது. கேட்டுவிடலாம் என்று வாய் துறுதுறுத்தது. யாருங்க அது? நாகரிகமா? நாகரிகம் பார்த்தால் ராத்திரி தூக்கம் வருமா? அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டாள். “இந்தப் பதறாதீங்கங்கறது யாருங்க எழுதுனது? அவருங்களா?” அவர்தான் என்றால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவளிடம் ஒரு தரம்கூடச் சொல்லாத வார்த்தையைக் கண்ட கம்ப்யூட்டருக்கும் எழுதி வைத்திருக்கிறார் என்று ஆகும். ஜெபாதான் என்றால் அது இன்னும் மோசம். ஜெபா சிரித்தாள். “அது எங்கம்மா சொல்றதுக்கா. பால் பொங்கினாலும் சரி, வெள்ளம் வந்தாலும் சரி, ‘பதறாத, ஒண்ணொண்ணாப் பாப்போம்’தான். ஒருநாள் ஆன்லைன் மீட்டிங்ல பின்னால நின்னு அம்மா எனக்குச் சொன்னத அண்ணன் கேட்டுட்டாங்க. அதையே மொத வரியாப் போடு, மிஷின் செத்தவனுக்கு வேற என்ன வேணும்னாங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். “இப்பம் அம்மா பேச மாட்டாங்கக்கா. போன வருசம் பக்கவாதம் வந்துச்சு. ஆள் நல்லா இருக்காங்க, எல்லாம் புரியும், பேச்சு மட்டும் போயிட்டு. ஏதும் வேணும்னா கரண்டிய வச்சு கட்டில்ல தட்டுவாங்க. இந்தா கேக்குதுல்லா? பசி வந்துட்டு, கோவம். அதான் நான் மாநாட்டுக்குப் போகல. ரெண்டு நாளா அந்த மாநாட்டு மெயிலு ஒண்ணையும் தெறக்கவேயில்ல, அண்ணன் மட்டும் போறாங்களேன்னு ஒரே பொறாமை. வெக்கத்த விட்டுச் சொல்லுதேன்.”

பொறாமை என்று ஒருத்தி இவ்வளவு சுலபமாக, கறிகாய் விலை சொல்கிற மாதிரி சொல்லிவிட முடியுமா? மகுடேஸ்வரிக்கு அதுவும் பொறாமையாக இருந்தது. “அம்மாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு வாரேன். போன வைக்காதீங்க, பட்டை நின்னுட்டா கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு எங்கோ வைத்தாள் போல, கரண்டிச் சத்தம் கிட்டத்தில் கேட்டது, “இந்தா, வாயத் தொறங்க, இப்பம் யாரு கோவப்பட்டா” என்ற குழைந்த குரல் கேட்டது. இந்தக் குரலையா, இந்தக் குரலையா நான். சரி, அதனால் என்ன? அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறவள் அடுத்தவள் புருஷனோடு ஜோடி போட்டுக்கொள்ளலாமா? மனசு விடுகிறதா பாருங்கள். தோற்றுப் போகிற வக்கீல் மாதிரி புதுசு புதுசாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, தேவிகாவிடம் திரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறினாள். எதற்கு ஏறுகிறோம் என்று கால்களுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

“அக்கா, இருக்கீங்களா?” என்று அவள் திரும்பி வந்தபோது மகுடேஸ்வரி பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சாவி கையில் இருந்தது, திறக்கவில்லை. “இருக்கறனுங்க. உங்கம்மா சாப்பிட்டாங்களா?” “சாப்ட்டாங்க. அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க, ஒண்ணு கேக்கணும். அந்த இடி இறங்குன அன்னைக்கு ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்லா? அண்ணன் சொல்லும்போது அவங்களுக்குக் குரலே வரல. எம்புட்டு மன்னிப்புக் கேட்டாங்க தெரியுமா. நாந்தான் ஒயரச் சரியா மாட்டல, நாந்தான் கவனிக்கலன்னு. அவங்க என்ன செய்வாங்க, இடிக்கு. அதே மழைக்குத்தான் எங்க வீட்லயும் முட்டளவு தண்ணி. மிஷினு, போனு, ஒங்க பிரதி இருந்த பெட்டி, எல்லாம் மெதந்துட்டு. தண்ணி வடிஞ்சதும் மொத வேலையாப் புதுப்பெட்டி வாங்கி ஒங்களுதத் திரும்ப எடுத்து வச்சிட்டேன். நான் கவலையேபடல பாத்துக்கிடுங்க, எங்களுது ஈரோட்டுல பத்திரமா இருக்குல்லான்னு.” பெட்டியில் என்ன இருந்தது என்று மகுடேஸ்வரி கேட்டாள். தான் கேட்கிற மாதிரி இல்லை, வேறு யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. “பெருசா ஒண்ணும் இல்லக்கா. நான் சென்னையில வேலை பாத்தப்போ அம்மா தெனமும் போன்ல திட்டுவாங்க. சாப்ட்டியா, எண்ணெய் தேச்சியா, எவனையாவது பாத்து வச்சிருக்கியா, இருந்தா சொல்லித் தொலைட்டீன்னு. என் போன்ல தானாப் பதிவாயிரும். அத அழிக்காம வச்சிருந்தேன். அவ்வளவுதான். வேற எங்கயும் அம்மா பேசுனது இல்ல. கல்யாண வீட்டு வீடியோல கூட ஓரமாச் சும்மா நிப்பாங்க. போட்டும், ஆள் இருக்காங்கள்லா.”

கடிதமில்லை. போட்டோவில்லை. ஒரு பொம்பளை தன் மகளைத் திட்டினது. மகுடேஸ்வரி பீரோக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள், இரும்பு சில்லென்று இருந்தது. அந்த மனுஷன் நாந்தான் கவனிக்கல என்று யார் பழியையோ தன் தலையில் போட்டுக்கொண்டு தேம்பியிருக்கிறார், இரும்புக் கடை இரும்புக் கடையாக ஏறி ஒரு அம்மாவின் குரலைத் தேடியிருக்கிறார், ராத்திரி வந்து அது இருக்கிற பீரோவுக்கு ரெண்டடி தள்ளிப் படுத்துத் தூங்கியிருக்கிறார். படிக்குக் கீழேயிருந்து தேவிகா கத்தினாள். “மேடம்! ஓப்பன் ஆயிருச்சுங்க! நேத்துக் கடைசியா வந்தவங்க பேரு வரைக்கும் அப்படியே இருக்குதுங்க! கிட்னிக்காரருக்குப் பிரிண்ட் போட்டுடட்டுங்களா?” “போடு” என்று சத்தம் கொடுத்தாள். லேப் வந்துவிட்டது. தூத்துக்குடியில் ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து, வெள்ளத்துக்குப் பிறகு புதுசாக வாங்கின பெட்டியில் அந்தப் பெண் முதல் வேலையாகத் திரும்ப வாங்கி வைத்திருந்த லேப், ஒரு புள்ளி குறையாமல் வந்துவிட்டது. “கேட்டுச்சுக்கா! எல்லாம் வந்துட்டு!” என்றாள் ஜெபா. “அவ்வளவுதான், முடிஞ்சு. அண்ணன் இறங்கினதும் சொல்லிருங்க. அப்பம் நான் வச்சிரட்டா?”

வைத்துவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது. பெட்டி இன்னும் நாலு புடவைக்கு அடியில் போகும், ஒருநாள் நிஜமாகவே இரும்புக்காரனிடம் போகும். வெளியே எடுத்தால்? அவர் வந்து கேட்பார், எங்கே இருந்தது என்று. கேட்கக்கூட மாட்டார், பார்ப்பார், அது போதும். ஜெபாவும் கேட்பாள், ஏன்க்கா என்று. அதற்கு என்ன பதில்? உன்னைக் கண்டால் எனக்கு வயிறு எரிந்தது என்றா? இப்போதும் எரிகிறதே! என்னிடம் ஒருநாளும் அடைக்காத குரல் உன்னிடம் மட்டும் அடைத்துப் போயிருக்கிறது அவருக்கு, அது இப்போதும் எரிகிறது. எரியட்டும். எரிகிறதற்கும் திட்டுகிற ஒரு அம்மாவைப் பட்டுப் புடவைக்கு அடியில் பூட்டி வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? சாவியைப் போட்டுத் திருகினாள். நாப்தலின் வாசனை வந்தது. பட்டில் பெட்டியின் தடம் சதுரமாக விழுந்திருந்தது, இனி அது போகாது. “அக்கா?” “வைக்காத கண்ணு” என்றாள் மகுடேஸ்வரி. ஹாலுக்கு வந்து வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் கறுப்பை வைத்தாள். ஒயர் ரெண்டு தரம் தவறியது, மூன்றாவது தரம் உள்ளே போனது. கர்ரென்று மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

“கண்ணு, இந்தப் பெட்டியில பச்சை எரியோணுமா, செவப்பு எரியோணுமா?”

“எந்தப் பெட்டிக்கா? அங்க வெள்ளைப் பெட்டிதான இருக்கு, அதுல நீலம்லா எரியும்.”

விளக்கு ஒரு தரம் சிமிட்டி நின்றது, மறுபடி சிமிட்டியது. பச்சைதான். போனுக்குள் கரண்டி கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தது. டொக், டொக்.

“கறுப்பு” என்றாள் மகுடேஸ்வரி. “உங்கம்மா திட்டற பெட்டி.”